ஸ்பேடு கிங் யார் கையில்

ஜெபகுமார்: வேன விட்டு ரொம்பப் பின்னாடி வர்றீங்க, கோவர்த்தனன்.

கோவர்த்தனன்: கிட்டப் போனா அந்தப் பின்கண்ணாடி தெரியுது டாக்டர்.

ஜெபகுமார்: உள்ள ஃப்ரீசர் பெட்டிதான இருக்கு.

கோவர்த்தனன்: அண்ணன் தலை அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

ஜெபகுமார்: ...இந்தப் பக்கம்.

கோவர்த்தனன்: அதான் மெதுவா வந்துக்கினு இருக்கேன்.

ஜெபகுமார்: வடமாலப்பேட்டை தாண்டியாச்சு. நகரி போறதுக்குள்ள பேசி வெச்சுக்கலாம். பூவராகவன் சாரோட வைஃப் கிட்ட என்ன சொல்றது?

கோவர்த்தனன்: இன்னா சொல்றது... திருப்பதில பிரிட்ஜ் சீட்டாட்ட ஃபைனல். கடைசி ஆட்டம். நான் ஆடினேன், என் ஜோடி அண்ணன் டம்மி. சீட்டு பதிமூணையும் விரிச்சு வெச்சிட்டா டம்மிக்கு வாயத் தொறக்க உரிமை இல்ல. சும்மா குந்திக்கினு இருக்கணும். குந்திக்கினே போயிட்டாரு.

ஜெபகுமார்: எப்போன்னு கேப்பாங்க.

கோவர்த்தனன்: ஆட்டம் முடிஞ்சப்புறம்.

ஜெபகுமார்: அப்படிச் சொல்லப் போறோமா... இல்ல, அப்படித்தான் நடந்ததா?

கோவர்த்தனன்: நீங்கதான எதிராளி. அண்ணனுக்கு எடது கைப்பக்கம் குந்தி இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க.

ஜெபகுமார்: நான் என் சீட்டப் பாத்துக்கினு இருந்தேன்.

கோவர்த்தனன்: நானும் அப்படித்தான்... போனு அடிக்குது பாருங்க. அண்ணிதான். ஸ்பீக்கர்ல போடுங்க.

வசந்தா: எங்கப்பா வந்துக்கினு இருக்கீங்க?

கோவர்த்தனன்: புத்தூரு கிட்ட அண்ணி.

வசந்தா: கஷ்டப்பட்டாரா?

கோவர்த்தனன்: இல்ல அண்ணி. ஜெயிச்சோம். சிரிச்சாரு. அப்படியே கண்ண மூடிக்கினாரு.

வசந்தா: சிரிச்சாரா...

கோவர்த்தனன்: சிரிச்சாரு.

வசந்தா: டாக்டர் பக்கத்துலயே இருந்தாருன்னு சொன்னாங்களே.

கோவர்த்தனன்: அடுத்த சேருதான் அண்ணி.

வசந்தா: அப்ப சரி. டாக்டர் பக்கத்துல இருந்தும் ஆவலன்னா யாரு இன்னா பண்ண முடியும். எனக்கு அது போதும்ப்பா. பாத்து வாங்க.

ஜெபகுமார்: ...வெச்சுட்டாங்க.

கோவர்த்தனன்: உம்.

ஜெபகுமார்: அவரு கண்ண மூடல. நான்தான் மூடினேன். ரெண்டு தடவ மூட வேண்டியிருந்துச்சு.

கோவர்த்தனன்: டாக்டர், வேணாம்.

ஜெபகுமார்: ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஸ்பேடு கிங் எங்கிட்ட இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கோவர்த்தனன்: இப்பவா இது?

ஜெபகுமார்: டம்மில ஏஸும் ராணியும் இருந்துச்சு. எவனா இருந்தாலும் ராணியத்தான் போடுவான். போட்டிருந்தா என் கிங் அதத் துன்னிருக்கும், கோப்பை எங்களுக்கு. வேற ஸ்பேடே இல்லாம கிங் எங்கிட்ட ஒத்தையா மாட்டிக்கினு இருந்தாத்தான் ஏஸுக்கு விழும். யாரு அத நம்பி ஆடுவாங்க? நீங்க ஏழு நிமிஷம் யோசிச்சீங்க. ஏஸ வெச்சீங்க. விழுந்துச்சு.

கோவர்த்தனன்: அதிர்ஷ்டம்.

ஜெபகுமார்: அதிர்ஷ்டத்துக்கு ஏழு நிமிஷம் ஆகாது... அவரு விரலு ஏஸ் மேல இருந்துச்சு.

கோவர்த்தனன்: பாத்தீங்களா?

ஜெபகுமார்: டம்மி சீட்ட டம்மிதான் எடுத்துப் போடணும். நீங்க கைய நீட்டி, அந்த விரல நவுத்திட்டு, நீங்களே எடுத்தீங்க.

கோவர்த்தனன்: ஜில்லுன்னு வேர்த்துப் போயிருந்துச்சு டாக்டர்.

ஜெபகுமார்: அப்போ உங்களுக்குத் தெரியும்.

கோவர்த்தனன்: ...அதுக்கு முன்னாடியே தெரியும். டம்மியா இருந்தா அண்ணன் எப்பவும் தலையத் தொங்கப் போட்டுக்கினுதான் இருப்பாரு, அதனால யாரும் கவனிக்கல. எனக்கு மட்டும் தெரிஞ்சுது. வாயி லேசா தொறந்துக்கினு... கண்ணு சீட்டு மேலயே... இருபத்திரண்டு வருஷம் ஒண்ணா ஆடினோம் டாக்டர். ஒரு கோப்பை கூட இல்ல. போயிட்டாரு, இனிமே அவசரம் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்.

ஜெபகுமார்: ஒரு குரல் குடுத்திருந்தா நான் நெஞ்ச அமுத்தியிருப்பேன். மொத நாலு நிமிஷத்துல பொழைச்சவங்க இருக்காங்க.

கோவர்த்தனன்: தெரியும்.

ஜெபகுமார்: செத்தவரு விரலு ஏஸக் காட்டுச்சு, அத நம்பிப் போட்டீங்க. அதான?

கோவர்த்தனன்: இல்ல. விரலு சும்மா நழுவி விழுந்தது. அண்ணன் காட்டினாருன்னு இருந்தா நான் இன்னிக்குத் தூங்கிடுவேன்.

ஜெபகுமார்: அப்போ எதப் பாத்துப் போட்டீங்க?

கோவர்த்தனன்: கேக்காதீங்க டாக்டர்.

ஜெபகுமார்: சொல்லுங்க. எதப் பாத்தீங்க?

கோவர்த்தனன்: உங்களத்தான். அந்த ஏழு நிமிஷமும் நான் சீட்டப் பாக்கல. அண்ணன் கழுத்தப் பாத்தீங்க. நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்தீங்க. அப்புறம் சீட்ட ஒண்ணா சேத்து உங்க நெஞ்சோட வெச்சுக்கினீங்க. டாக்டராச்சே, எழுந்திருப்பாருன்னு காத்துக்கினு இருந்தேன். நீங்க எழுந்திருக்கல, நான் ராணியப் போடட்டும்னு குந்திக்கினு இருந்தீங்க. அப்பதான் தெரிஞ்சுது, கிங் உங்க கையிலதான் இருக்குதுன்னு.