அழிக்காமல் விட்ட நகல்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. அந்த நேரத்தில் வெளியே தெரிந்த பதிவுகள் 6,213. அவற்றில் 6,212 பேர் எங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர்கள். மீதி ஒருவர் என் அக்கா.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது 26. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் நான் ஒருவனே பார்க்கிறேன்.

எங்கள் இணையதளமும், வாடிக்கையாளர்களின் பெயர், போன், வீட்டு முகவரி அடங்கிய பட்டியலும் ஒரே சர்வரில் இருந்தன. தளத்துக்குள் எவனாவது புகுந்தால் பட்டியலும் சேர்ந்து போகும் என்று முதலாளியிடம் ஒரு வருடமாகக் கத்தினேன். கடைசியில் சம்மதித்தார். பிப்ரவரி 23 அன்று பட்டியலை, வெளியிலிருந்து எட்ட முடியாத வேறொரு சர்வருக்கு மாற்றினேன். அதற்கு முன் சோதனைக்கு ஒரு பதிவு சேர்க்க வேண்டியிருந்தது. பொய்யாக ஒரு முகவரி யோசிக்கச் சோம்பல்பட்டு அக்காவின் பெயரையும் புது வீட்டு முகவரியையும் அடித்தேன். முந்தின வாரம்தான் அங்கே அவள் சாமான்களை ஏற்றி இறக்கினேன். அந்த முகவரி எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். அவளும் குழந்தையும் இருக்கும் இடம் அவள் கணவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் அந்த வீட்டையே பிடித்தோம்.

அதன் பிறகு முழுப் பட்டியலையும் நகலெடுத்து, புது சர்வரில் இறக்க வசதியாக, இணையதளத்தின் பொது ஃபோல்டரில் வைத்தேன். பத்து நிமிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். இறக்கினேன், சரிபார்த்தேன், அக்காவின் பதிவு புது இடத்தில் ஒழுங்காக வந்தது. முதலாளி, "அப்ப இனிமே பயமில்லையே தம்பி?" என்றார். "பூட்டி சாவிய நானே வச்சிருக்கேன் சார்" என்றேன். அதன் பிறகு சாப்பிடப் போனேன். நகலை அழிக்கவில்லை. பத்தொன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. இன்டர்நெட்டில் தேடினால் கிடைக்கும்படி கிடந்தது.

இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ்காரர் 'ஊடுருவல்' என்று எழுதினார். அடித்துவிடச் சொன்னேன். யாரும் ஊடுருவவில்லை.

மார்ச் 14 காலை 10.40க்கு அக்கா போன் செய்தாள். பேசவில்லை. கதவை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் அவள் கணவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். கதவின் கீழ்க்கீல் பெயர்ந்திருந்தது. அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வலது கையில் குழந்தையின் ஸ்கூல் ஷூ ஒன்று இருந்தது. மற்றொன்றைக் காணவில்லை.

அவள் கணவர் தன் போனை எனக்குக் காட்டினார். "நான் ஒண்ணும் தேடி அலையல மச்சான். பேரைப் போட்டேன், உங்க கம்பெனியே அட்ரஸ் குடுத்துச்சு" என்றார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில், தன் பெயர் அந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று அக்கா கேட்டாள். சொன்னேன். மாவுக்கட்டு போட்டு முடித்தார்கள். பிறகு, "வேற வீடு பாக்கப்போறேன்டா. உங்கிட்ட சொல்லமாட்டேன். அம்மாகிட்டயும் நீ கேக்காத" என்றாள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, மிரட்டிச் சொல்லவைத்தது எதுவுமில்லை என்று ஒப்பமிட்டேன். இனி என்ன செய்யப்போகிறாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதால் கீழே சேர்க்கிறேன்:

1. நகலை அன்றே எடுத்துவிட்டேன். தேடலில் இன்னும் வருகிறது. வராமல் போகும்வரை தினமும் தேடிப் பார்ப்பேன்.
2. 6,212 பேருக்கும் தகவல் அனுப்புவேன். முதலாளி வேண்டாம் என்கிறார்.
3. புது சர்வரில் உள்ள அக்காவின் பதிவை அழிப்பேன். அது இன்னும் இருக்கிறது.
4. அக்கா சாமான் ஏற்றும் நாளில் அந்தப் பக்கம் போகமாட்டேன்.