கொய்ரோ என்ற சொல்லும் மாயாண்டியின் மகனும்

மூன்று மொழிகளுக்கிடையே முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் நடந்து, இன்று ஓய்வுபெறும் மூத்த மொழிபெயர்ப்பாளர் திரு. மா. அழகையா அவர்களுக்குப் பதுளை அலுவலக நண்பர்கள் வாசித்தளிக்கும் மடல்.

பெருமதிப்புக்குரிய ஐயா, தங்களிடம் பேசுமுன் இந்த அவையிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது இரண்டாவது மடல். முதலாவதை அழகையா அவர்களே நிறுத்திவிட்டார்.

சட்டமிடக் கொடுக்குமுன் பெயரின் எழுத்தைச் சரிபார்க்கும்படி தட்டச்சாளர் மயூரி அவரிடம் படியை நீட்டினார். 'உயர்குடியில் உதித்த உத்தமரே' என்ற வரியில் அவருடைய விரல் நின்றது. சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற கனகரத்தினம் அவர்களுக்கு எழுதிய வரி அது. எழுதுநர் ஜெயகுமாரை அழைத்தார்.

"போன வருஷ மடல்தான் ஐயா. பேர மட்டும் மாத்துனேன்."

"பேர மாத்திட்டீங்க தம்பி, சரி. எங்கப்பாவையும் சேத்து மாத்திட்டீங்களே."

ஜெயகுமார் தலையைச் சொறிந்தார். வரியை எடுத்துவிடவா என்று மயூரி கேட்டார்.

"எடுக்க வேணாம். அந்த எடத்துல எங்கப்பா செஞ்ச வேலையப் போடுங்க. ஹாலிஎலப் பக்கம் தோட்டத்துல செருப்புத் தச்சாரு. தப்பு மேளத்துக்குத் தோல் கட்டுனாரு."

மயூரி தயங்கினார். "பிள்ளைக்குக் கலியாணம் பேசியிருக்கு எல்லோ ஐயா. சம்பந்தி வீட்டாக்களும் வருவினம்."

முப்பத்தோராண்டுகளாக எல்லாப் படிவங்களிலும் தந்தையின் தொழிலைத் 'தோட்டத் தொழிலாளி' என்றே நிரப்பியவர் அழகையா. பொய்யில்லை, தந்தை மாயாண்டி காலைப் பெரட்டில் பேர் கொடுத்துத் தோட்ட வேலைக்கும் போனவர்தான். ஆனால் அது பாதி. மீதிப் பாதியைச் சொன்னால் மகள் தனுஜாவின் திருமணம் நிற்கக்கூடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

பிறகு மேசையிலிருந்து, அரிய சொற்களைக் குறித்துவைக்கும் தம் குறிப்பேட்டை எடுத்தார். முன்பொருமுறை, லுணுகலையைச் சேர்ந்த ஒருவர் ஸ்பெயினின் வடமேற்கே கலீசியாவில் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்து அங்கேயே இறந்தார். அவருடைய உடைமைப் பட்டியல் அப்பகுதியின் கலீசிய மொழியில் வந்தது. அதில் ஒரு இடுப்புப் பட்டி, 'கொய்ரோ'வினால் ஆனது. அந்த ஒரு சொல்லுக்காக அழகையா மூன்று நாள் அகராதிகளோடு இருந்தார். தோல் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. தோல் மட்டும்தானா என்று பார்க்கத்தான் மற்ற இரண்டு நாளும்.

குறிப்பேட்டில் இருப்பது இது. கொய்ரோ லத்தீனின் 'கோரியும்' என்பதிலிருந்து வந்தது. அதன் வேர் அறுத்தலைக் குறிக்கும் என்பர், உடலிலிருந்து அறுத்தெடுத்தது. விலங்கின் தோல், பதமிட்ட தோல், சில வேளை மனிதரின் தோல். உதவாத ஆளைத் திட்டவும் அதே சொல். அறுத்தவர், பதமிட்டவர், தைத்தவர் ஆகியோருடைய கைகளைக் கடந்து வருகையில் அந்த வசை எங்கே ஒட்டியது என்று எந்த அகராதியும் சொல்லவில்லை.

"அங்கயும் அப்படித்தான் ஏசுறாங்க," என்றார் அழகையா. "ஆனா செத்தவரு சாமான எழுதுறப்ப கூசாம நேரா எழுதியிருக்காங்க. அத நானும் நேராத்தான் தமிழ்ல எழுதுனேன். எங்கப்பா விஷயத்துல மட்டும் சுத்தி வளைச்சிட்டேன்."

எங்கள் முன்னிலையிலேயே தனுஜாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். "வேணாம்னா சொல்லிரும்மா. எடுத்துருவோம்."

"கல்யாணம் முடிஞ்சு அவங்களுக்குத் தெரிய வந்தா அதுதான்ப்பா அசிங்கம். வாசிக்கட்டும். அவங்ககிட்ட நானே சொல்லிர்றேன்."

அன்றே தனுஜா சொல்லியிருக்கிறார். ஐந்து நாள் தெமோதரையிலுள்ள சம்பந்தி வீட்டிலிருந்து பேச்சே இல்லை. அந்த ஐந்து நாளும் அழகையா வழக்கம்போல் எட்டரைக்கு வந்தார். மடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேநீரை மட்டும் ஆறவிட்டார்.

நேற்று மாலை மாப்பிள்ளை நிஷாந்தின் தாயார் அழைத்தார். "வெழா எத்தன மணிக்குங்க? நாங்க ஏழு பேரு வர்றோம், எடம் போட்டு வைங்க."

ஆகவே, ஐயா, எழுதியபடியே வாசிக்கிறோம்: செருப்புத் தைத்து, தப்புக்குத் தோல் கட்டிய மாயாண்டியின் மகனே, நலமாக நெடுங்காலம் வாழ்க. இனியுள்ள காலை நேரங்களெல்லாம் தங்களுடையவை. எந்தக் கோப்பும் தங்களைத் தேடி வராது.

அன்புடன்,
மொழிபெயர்ப்புப் பிரிவு ஊழியர்கள்,
பதுளை.