சுழியன் என்று சொன்ன அற்புதமலர் அக்காவுக்கு

பனிக்களத்தில் பாதமே பதிக்காமல், பனிக்களத்துப் பிள்ளைகளின் பலத்தையும் பலவீனத்தையும் பகுத்தறிந்த பண்பாளரே! மன்னார்க் கடற்காற்றில் வளர்ந்து பலெர்மோ வெயிலில் பழுத்தவரே! வட்டைப் பாராமல் விளையாட்டைப் பார்த்த வல்லவரே! எங்கள் அன்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய அற்புதமலர் அக்காவே, வணக்கம்.

இந்த இடத்தில் ‘பொறுமையின் சிகரமே’ என்று ஒரு வரி வந்திருக்க வேண்டும். அப்படி எழுதச் சொல்லி எங்கள் முதலாளி, எல்லோரும் டொத்தோரே என்று அழைக்கும் அந்தப் பெரிய மனிதர், போன கிழமை சொல்லியனுப்பியிருந்தார். நாங்கள் எழுதவில்லை. உங்களிடம் இல்லாத குணத்தை உங்கள் தலையில் கட்ட நாங்கள் யார்? உங்களுக்குக் கோபம் வரும். அது வரவேண்டிய இடத்தில், வரவேண்டிய ஆளின் முன்னால் வந்தது. அந்தக் கோபத்தைப் பாராட்டத்தான் இந்த மடல்.

இனிக் கொஞ்சநேரம் உங்களை ‘அவர்’ என்றே சொல்லிக்கொண்டு போவோம். நேரே உங்களிடம் சொன்னால், “காணும் விடுங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது” என்று பாதியில் எழும்பி இந்தப் பிரியாவிடைச் சபையைக் கலைத்துவிடுவீர்கள்.

வியா மக்வேதா தெருவில், சப்பாத்துக்கடைக்கு மேலேயுள்ள இந்த அறையில், பதினைந்து ஆண்டுகளாக அற்புதமலர் அக்கா பார்த்தது ஐஸ் ஹொக்கி. கபோ சந்தையில் மீன் பெட்டிக்குள் கிடக்கும் ஐஸைத் தவிர வேறு ஐஸ் அறியாத எங்கள் சனத்துக்கு இந்த வேலை கிடைத்ததே ஒரு கூத்து. குளிர்நாடுகளில் பதினேழு பதினெட்டு வயதுப் பையன்கள் ஆடும் ஆட்டங்கள் ஒளிப்பதிவாக இங்கே வரும். டிராஃப்ட் நாளில் பெரிய தொழில்முறை அணிகள் முறைவைத்து அவர்களைத் தெரிவு செய்யும். அதற்கு முன்னர், எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். நாங்கள், பந்துக்குப் பதிலாக அங்கே அடிபடும் அந்த வட்டு ஓடும் பக்கமெல்லாம் கண்ணை ஓடவிடுவோம். அக்காவோ வட்டு இருக்கும் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வட்டில்லாத பையன் என்ன செய்கிறான் என்று பார்ப்பார். சத்தத்தையும் நிறுத்திவிடுவார். கைதட்டலுக்கு மயங்கிப் புள்ளி போட்டவர்களை அவர் மனிதராகவே மதித்ததில்லை. பக்கத்து மேசைச் சாந்தரூபனைக் கேட்டால் தெரியும்.

போன வருடம் ஒரு பின்லாந்துப் பையன் வந்தான். மெலிந்த உடம்பு, உயரமும் காணாது. வட்டைத் தவறவிட்டவன் போல நடிப்பான். எதிராளி நம்பிப் பாய்வான். வட்டு அவன் காலடியால் மற்றப் பக்கம் போய்விடும். அக்கா கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். வழக்கம்போல ஒலிப்பதிவில் தமிழிலேயே, கெட்டிக்காரத் தந்திரசாலி என்ற பொருளில் மெச்சிச் சொன்னார்: “இவன் சரியான சுழியன். கண்ணை எடுக்கேலாது.”

அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவது லக்ஷனாவின் வேலை. அவள் பலெர்மோவிலேயே பிறந்தவள். தம்பி யன்னல் கண்ணாடியை உடைத்த நாளில்தான் அவள் வீட்டில் ‘சுழியன்’ என்ற சொல் கேட்கும். ஆகவே, ‘குழப்படிக்காரன், எந்நேரமும் கண்காணிக்க வேண்டும்’ என்று எழுதினாள். கேட்டு வளர்ந்ததைத்தானே எழுதுவாள். அறிக்கை, அதைக் கேட்டிருந்த அணிக்குப் போய்விட்டது.

டிராஃப்டுக்கு முதல்நாள் அக்கா அதைக் கண்டார். கதவைத் தட்டாமலே டொத்தோரேயின் அறைக்குள் போனார். கோபம் வந்தால் அவருக்கு இத்தாலி மொழி மறந்துவிடும் என்பதால் லக்ஷனாவும் பின்னால் ஓடினாள்.

“இப்பவே அவையளுக்கு ரெலிபோன் எடுங்கோ. சொல்லுத்தான் பிழைச்சது, பெடியனிலை ஒரு பிழையுமில்லை.”

லக்ஷனா அழுதழுது அதை இத்தாலியில் சொன்னாள். திருத்தம் சொன்னால் நிறுவனத்தின் பெயர் கெடும், போய் வேலையைப் பாருங்கள் என்று பதில் வந்தது. அக்கா மேசையில் அடித்த அடியில் கோப்பிக் கோப்பை கவிழ்ந்தது.

“உங்கடை பேருக்காக ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண் போடுறியளோ?”

அதை லக்ஷனா மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

அந்த அணி பையனைத் தொடவில்லை. கடைசிச் சுற்றில் வேறோர் அணி, போனால் போகட்டும் என்று எடுத்தது. இந்த மாரியில் எல்லோர் வாயிலும் அவன் பெயர்தான். ஏமாந்த அணிக்காரர் காணொளி அழைப்பில் திரையில் வந்து, ஏன் எங்களுக்கு இப்படி எழுதினீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் எல்லோர் முன்னாலும், கொஞ்சமும் கூசாமல் டொத்தோரே சொன்னார்: பார்த்தவளுக்கு வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, விரைவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். உண்மை அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னார். பிழை தன்னுடையது என்று சொல்ல லக்ஷனா வாயெடுத்தபோது அக்கா அவள் கையைப் பிடித்து இருத்தினார்.

“இரு பிள்ளை. உன்ரை கொன்றாத்தோ இன்னும் புதுப்பிக்கேல்லை.”

ஒரு பிள்ளையின் வேலை ஒப்பந்தத்துக்காக அவர் விழுங்கிய அந்த வார்த்தையைத்தான் இந்த மனிதர் பொறுமை என்கிறார். பொறுமையாம்.

அக்கா, இனி உங்களிடமே திரும்புகிறோம். உங்கள் கண் மங்கவில்லை. மங்கியது என்று சொன்னவர் பொய் சொன்னார். உங்களையும் சுழியன் என்ற அந்தச் சொல்லாலேயே அழைக்க ஆசைப்பட்டோம். பெண்பாலில் அது எப்படி வரும் என்று சண்டை பிடித்து முடிவு காணாததால் ஆண்பாலிலேயே விட்டுவிட்டோம். எங்கள் சுழியனே, சீசாப் பகுதியிலிருந்து பஸ் பிடிக்க ஓடும் அவதி இனி இல்லாமல், மடுமாதாவின் துணையோடு, நோய்நொடியின்றி நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். உங்கள் கோபமும் உங்களோடு கூடவே வாழ வேண்டும்.

டொத்தோரே முன்வரிசையில் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். தமிழ் தெரியாத அவர், தன் பெயர் அடிக்கடி காதில் விழுவதால், தன்னையும் புகழ்கிறோம் என்று நினைக்கிறார். அன்று அவர் சொன்ன பொய்யைக் கேட்ட அதே அணிக்காரர், உங்களை வாழ்த்துவதற்காகத் திரையில் காத்திருக்கிறார்கள். இந்த மடலை லக்ஷனா இத்தாலியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறாள். அவளுடைய கொன்றாத்தோ இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. அது தெரிந்துதான் எழுதினாள். இம்முறை சுழியனுக்குச் சரியான சொல்லையும் கண்டுபிடித்துவிட்டாள்.

அக்கா, அதை எல்லோருக்கும் வாசிக்க அவள் எழும்புகிறாள். இன்றைக்கு அவள் கையைப் பிடித்து இருத்தாதீர்கள்.

பெயரை மறைக்காமல் ஒப்பமிடும் உங்கள் சகபணியாளர்,
சாந்தரூபன், பிரேமினி, றொஜர்
பலெர்மோ

மொழிபெயர்ப்பும் பொறுப்பும்: லக்ஷனா