இரண்டாவது தலைமைக் கணக்கு

பிற்பகல் மூன்று மணி. வடதுருவத்தை ஒட்டிய ஊரில் டிசம்பர். அந்த நேரத்துக்கே கும்மிருட்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் ஃபியோர்டை ஒட்டிய சாலையில் ஒரே ஒரு கார்... ஓட்டியவன் ஹல்வார், என் நண்பன் அஸ்லாக்கின் மைத்துனன்.

மேலே ஒரு குடில். உள்ளே ஒரு கணினி. கடலில் எந்தப் படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குச் சொல்வது அதுதான். புயலில் மின்சாரம் போய்த் திரும்பியதிலிருந்து அது வாய் திறக்கவில்லை. அதைப் பராமரிப்பது ஹல்வாரின் வேலை.

மீட்பு நிலையத்திலிருந்து மாரித் போனில் இருந்தாள். "படகுல தண்ணி ஏறுதுன்னாங்க, அதோட பேச்சு நின்னுபோச்சு. ரெண்டு பேர் இருக்காங்க. எங்கேன்னு மட்டும் சொல்லு, ஹல்வார்."

குடிலில் ஈரக் கம்பளி வாடை. கணினியில் எதையும் செய்ய அதிகாரமுள்ள தலைமைக் கணக்கின் பெயரைத் தட்டினான். கடவுச்சொல்லும் சரி. அடுத்த நொடி... மறுபடி பெயரைக் கேட்டது. மறுபடி. மறுபடி.

அவனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ஷெல் என்ற நிரலை, தனக்குப் பிடித்த புதியதாக மாற்றியது அவன்தான். அது இரண்டாவது வட்டில் இருந்தது. அந்த வட்டு எழவே இல்லை; ஷெல் இல்லாமல் கணினி உள்ளே விடாது.

அவனுக்கு முன் அந்த வேலையில் இருந்த யோருன் அப்போதே சொன்னார்: "அழகு பாக்கணும்னா உன் சொந்தக் கணக்குல பாருப்பா. தலைமைக் கணக்கைத் தொடாதே. விழுந்து எந்திரிக்கிறப்ப கைக்கு எட்டுறதுதான் உதவும்."

யாராவது மாட்டிக்கொண்டால் உதவட்டுமென்று, பழைய ஷெல்லோடு, அதே அதிகாரமுள்ள இன்னொரு கணக்கையும் அவர் வைத்திருந்தார். முகம் தெரியாத ஒருவர் கஷ்டத்தை முன்பே நினைத்துப் பார்ப்பதும் ஒரு ஜெபம்தான். யோருனை அடக்கம் செய்த அன்று மாலை, இது எதற்கு என்று ஹல்வார் அதை அழித்துவிட்டான். மூன்று வருடம் ஆகிறது.

"கெடச்சுதா? ஊமையாயிட்டியா?" என்றாள் மாரித்.

அவன் விரல்கள் மரத்திருந்தன. மனமும். பயம்கூட வரவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டக்... டக்டக்... டக்.

விசைப்பலகை. அவன் தொடவில்லை. திரையில், உள்ளே நுழைந்தாயிற்று என்று காட்டும் வெறும் குறி ஒன்று... சொல் என்று காத்திருந்தது.

வட்டை எழுப்பினான். படகின் புள்ளி வந்தது. இடத்தைச் சொன்னான். இருவரையும் உயிரோடு தூக்கினார்கள்.

பிறகு ஷெல்லைப் பழையபடி மாற்றிவிட்டு, தலைமைக் கணக்கில் நுழைந்து, உள்ளே யார் யார் என்று கணினியைக் கேட்டான். இரண்டு வரிகள். ஒன்று அவன். மற்றது அழித்த அந்தக் கணக்கு. கணினி எழுந்து நாற்பது நிமிடம்தான். அந்தக் கணக்கு நுழைந்து... மூன்று வருடம்.

கடைசியாக விசை தட்டி எவ்வளவு நேரம் என்பதையும் அது காட்டும். ஹல்வார் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பார்த்தான். எண்கள் தாமாக மாறின. அவன் வரியில் பத்து நொடி... இருபது... முப்பது.

அடுத்த வரியில் பூஜ்யம்... பூஜ்யம்... பூஜ்யம்.