இரண்டாவது அலமாரி

அக்கா: நான் உக்காந்திருக்கும்போதே ஃபேனை அணைக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?

தம்பி: நீ எழுந்து போயிட்டேன்னு நினைச்சேன்க்கா. கை தானா ஸ்விட்சுக்குப் போயிடுது.

அக்கா: மின்சாரச் சிக்கனத்துக்குச் சான்று குடுக்கிற வேலைக்குப் போனாலும் போன... நீ வந்தா வீட்ல ஒருத்தரும் வெளிச்சத்துல சாப்பிட முடியல.

தம்பி: நீ மட்டும் என்னவாம். கம்ப்யூட்டர் சேவை தடைபடாம ஓடும்னு சான்று குடுக்கிறவ. கேஸ் சிலிண்டருக்கு ஒரு ஸ்பேர், அந்த ஸ்பேருக்கு ஒரு ஸ்பேர்...

அக்கா: இருக்கணும்டா. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு உடனே எழுந்து நிக்கணும். எங்க தர விதி அதைத்தான் கேக்குது.

தம்பி: எதுக்குடா ரெண்டையும் ஓட விட்டிருக்கேன்னு எங்க தர விதி கேக்கும்.

அக்கா: அப்போ ரெண்டும் சம்பந்திச் சண்டை போட வேண்டியதுதான்.

தம்பி: எங்க போடுது. ரெண்டு சான்றுமே கட்டாயம் இல்ல. ஆசைப்பட்டவங்க வாங்கி வாசல்ல மாட்டிக்கிறாங்க. உன் கம்பெனி ஒரு பக்கம் வருது, என் கம்பெனி ஒரு பக்கம் வருது. நீ கேட்டது எனக்குத் தெரியாது, நான் பார்த்தது உனக்குத் தெரியாது.

அக்கா: மெதுவா பேசு. அப்பா இப்பத்தான் கண் அசந்தார்.

தம்பி: சரி... ஆனா ரெண்டு தர விதிக்கும் பொருந்துற இடம் ஒண்ணை செவ்வாய்க்கிழமை பார்த்தேன்க்கா. ஸ்பேர் சர்வர் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு, கரண்ட்டே இழுக்கல. அசந்துட்டேன்.

அக்கா: எந்த இடம்?

தம்பி: பேர் வெளிய சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா.

அக்கா: சொல்லாதே போ. நானும் செவ்வாய்க்கிழமை ஒரு இடத்துக்குப் போனேன். பொறுப்பாளருக்கு ரெண்டு மூக்குக்கண்ணாடி. ஒண்ணு மூக்கு மேல, ஒண்ணு தலை மேல. தலையில இருக்கிறதை மேஜை பூரா தேடுறார்...

தம்பி: தலை மேல ஒரு கண்ணாடியா?

அக்கா: ஏன்டா மூஞ்சி இப்படிப் போகுது?

தம்பி: ஆம்புலன்ஸ் அழைப்பு நிலையமா?

அக்கா: நீ... அங்கயா போன?

தம்பி: மத்தியானம்.

அக்கா: நான் காலையில. கறுப்புக் கண்ணாடிக் கதவு போட்ட ரெண்டு அலமாரி...

தம்பி: பக்கத்து பக்கத்துல. ரெண்டுலயும் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கிட்டு.

அக்கா: அப்புறம் என்ன. ரெண்டும் ஓடுது.

தம்பி: இல்லக்கா. வயர்ல மீட்டர் மாட்டிப் பார்த்தேன். முதல் அலமாரி கரண்ட்டைக் குடிக்குது. ரெண்டாவது... ஒரு ராத்திரி விளக்கு எரியற அளவுகூட இல்ல.

அக்கா: சும்மா நிக்கிற மெஷின் கம்மியாத்தானே இழுக்கும்.

தம்பி: கம்மின்னாலும் ஒரு அளவு இல்லையா. புது மாடல் சார், ரொம்பச் சிக்கனம்னார் அந்தப் பொறுப்பாளர். நானும் பாராட்டிட்டு வந்தேன்.

அக்கா: ஒரு மெஷினை நிறுத்திப் பார்த்தீங்களான்னு கேட்டேன். பார்த்தோம் மேடம், உடனே அடுத்தது எடுத்துக்கிச்சுன்னார்...

தம்பி: போன மாசம் அப்பாவுக்கு நெஞ்சை அடைச்சப்போ அந்த நம்பருக்குத்தானே கூப்பிட்டோம்.

அக்கா: இரு. என் ஃபோன்ல அந்தப் பொறுப்பாளரைக் கூப்பிடு. ரெண்டு பேருக்கும் கேக்கிற மாதிரி வை.

பொறுப்பாளர்: வணக்கம் மேடம். சான்று எப்போ கைக்கு வரும்?

அக்கா: அதுக்கு முன்னால அந்த ரெண்டாவது அலமாரியைத் திறந்து பார்க்கணும் சார்.

பொறுப்பாளர்: அதான் நேர்லயே பார்த்தீங்களே மேடம்.

தம்பி: வணக்கம் சார். மீட்டர் மாட்டினவன் பேசறேன்.

பொறுப்பாளர்: நீங்க... மேடம் கூட எப்படி...

தம்பி: கூடப் பிறந்த அக்கா சார்.

பொறுப்பாளர்: அப்போ ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா.

அக்கா: ஆமா. திறக்கலாமா சார்?

பொறுப்பாளர்: திறக்க வேண்டாம் மேடம். உள்ள ஒண்ணும் இல்ல.

அக்கா: ஒண்ணும் இல்லைன்னா?

பொறுப்பாளர்: விளக்குப் பட்டை மட்டும் ஒட்டியிருக்கு. மெஷின் கெட்டுப்போச்சுன்னு எடுத்துட்டுப் போனாங்க, திரும்பி வரல. மேல கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டேன். முதல்ல சான்றை வாங்கு, அப்புறம் பார்க்கலாம்னுட்டாங்க.

அக்கா: இருக்கிற ஒண்ணும் நின்னுபோனா?

பொறுப்பாளர்: கூப்பிடறவங்களுக்கு மணி அடிச்சுக்கிட்டே இருக்கும் மேடம். எங்க பக்கம் கேக்காது.

தம்பி: அடப்பாவி... எங்க அப்பா...

அக்கா: நீ சும்மா இரு. சார், என் சான்று கிடையாது.

தம்பி: என்னுதும் கிடையாது.

அக்கா: உங்க மேலிடத்துக்கு இப்பவே பேசறேன். என்கிட்ட சொன்னதை அவங்க எதிர்லயும் சொல்லணும்.

பொறுப்பாளர்: சொல்றேன். வேலை போனாலும் சொல்றேன். யாராவது துருவிக் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு மேடம்... வைக்கிறேன்.

தம்பி: உடனே பேசுக்கா.

அக்கா: இங்க பேசினா அப்பா முழிச்சுக்குவார். நான் வெளிய போய்ப் பேசிட்டு வர்றேன்.

தம்பி: வந்துட்டியா? என்ன சொன்னாங்க?

அக்கா: முதல்ல அப்படி எதுவும் இல்லைன்னாங்க. நீ பார்த்த மீட்டர் கணக்கைச் சொன்னதும் குரல் இறங்கிடுச்சு. வேற நிலையத்துல இருந்து ஒரு மெஷின் கிளம்புதாம். அது ஓடறதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு பார்ப்போம்னு சொல்லியிருக்கேன்.

தம்பி: அக்கா... விளக்கு எரியுது, மீட்டர் ஏறலையேன்னு எனக்கு அங்கேயே உறுத்துச்சு.

அக்கா: அப்புறம்?

தம்பி: கரண்ட் அதிகமானாத்தான் ஏன்னு கேப்போம். கம்மியானா சந்தோஷப்பட்டு அறிக்கையில கையெழுத்துப் போடுவோம். போட்டுட்டேன்... திட்டுக்கா.

அக்கா: எந்த வாயால திட்டுவேன். அவர் கண்ணாடி தேடறப்போ அந்த ரெண்டாவது அலமாரி மேல கை வச்சேன்டா. பக்கத்துல இருந்தது கொதிக்குது, இது ஜில்லுன்னு இருந்துச்சு. கையை எடுத்துட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.