சாப்பாட்டை வாங்கிக்கொண்டு சாவியைக் கேட்டவருக்கு

மழைக்கும் மலைக்கும் அசையாத மனமும், மடக்கி நிறுத்திய வண்டிக்காரரிடமும் மரியாதை குறையாத சொல்லும் ஒருங்கே கொண்ட எங்கள் உதவி சப் இன்ஸ்பெக்டர், பெருமதிப்பிற்குரிய திருமதி கத்தரீனாள் இன்னாசிராஜ் அவர்களே!

முப்பத்தொரு வருடக் காக்கிப் பணியை இன்று மாலையோடு நிறைவு செய்யும் உங்களுக்கு, உங்களோடு நின்று நனைந்தவர்களும், உங்களிடம் திட்டு வாங்கித் திருந்தியவர்களும் சேர்ந்து இந்த மடலைப் படைக்கிறோம். நம் ஸ்டேஷன் எஸ்.ஐ. ஜோபி சார் எழுதிய மலையாள மடலில் உங்கள் பதவிகளும் பாராட்டுகளும் வரிசையாக வந்துவிட்டன. தமிழ் மடலில் நாங்கள் ஒரே ஒரு காலைப்பொழுதைத்தான் சொல்லப்போகிறோம். உங்களை அறியாத விருந்தினர்களும் இங்கே இருப்பதால், கொஞ்ச நேரம் உங்களை 'அவர்' என்றே குறிப்பிடுகிறோம். பொறுத்தருள்க.

சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்புகளில் பதினான்கு, சந்தியாகப்பர் கோயில் பங்கு மக்களுடையவை. ஜூலைக் கடைசியில் திருவிழா. அன்று ஜீப்புகளைக் கழுவி மாலை போட்டுக் கோயில் முன்னால் நிறுத்துவார்கள், பாதிரியாரான பங்குச்சாமி தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மறுநாள் எல்லாருமாகப் போய் இன்சூரன்ஸைப் புதுப்பித்துவிட்டு வருவார்கள். பேப்பரில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. திருவிழாதான் தேதி.

மூன்று வருடத்துக்கு முன்னால், கனமழை எச்சரிக்கையால் அந்தத் திருவிழா பதினைந்து நாள் தள்ளிப்போனது.

ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு காலை, ஆறரை மணி. தோட்டத்துக்குப் போகும் வளைவில் அவர் தலைமையில் வண்டிச் சோதனை. முதலில் வந்தது ஷிஜுவின் ஜீப். நம்பரைப் போனில் தட்டினால் இன்சூரன்ஸ் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏன் புதுப்பிக்கவில்லை என்று கேட்டதற்கு ஷிஜு நிஜமாகவே குழம்பிப்போய், "இன்னும் திருவிழாவே வரலையே மேடம்" என்றான்.

அந்த ஒரு பதிலில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஷிஜு மட்டுமல்ல, பதினான்கு ஜீப்பும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்று அவர் வீட்டு வாசலிலிருந்து புறப்படுவது.

எங்களில் ஒருவர் மெதுவாக அருகில் போய், அந்த ஒரு வண்டியை மட்டும் நாம் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். யோசனை சொன்னவர் பேர் வேண்டாம், முன்வரிசையில் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்று அவருக்குக் கிடைத்த பதில், மேடத்தின் ஒரு பார்வை. இன்றுவரை அது ஆறவில்லை என்கிறார்.

அதற்குள் அவர் கணவர் இன்னாசிராஜ் அண்ணனின் ஜீப் தானாகவே வந்து நின்றது. மனைவி மறந்து வைத்துவிட்டுப் போன தூக்குச்சட்டியைக் கொடுக்கத்தான் நிறுத்தினார். பின்னால் ஒன்பது பெண்கள். அவர் ஒரு கையால் சாப்பாட்டை வாங்கிக்கொண்டார். மறு கையை நீட்டிச் சாவியைக் கேட்டார்.

அண்ணன் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். போனில் தேதியைக் காட்டியதும் முகம் மாறியது.

"இவங்கள எறக்கி விட்டுட்டு வந்து நிறுத்துறேன். நாலு கிலோமீட்டர்தான?"

"அந்த நாலு கிலோமீட்டருக்கு யாரு பொறுப்பு?"

அண்ணன் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு வா, பேசிக்குவோம்" என்றார்.

"வீட்டுக்கு நான் வருவேன். வண்டி வராது."

ஜீப்பிலிருந்த பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மாரீஸ்வரி அக்கா சிரிக்கவில்லை. ஏழரைக்கு மேல் போனால் மதியம்வரை சூப்பர்வைசர் பேர் எழுத மாட்டார், அரைநாள் கூலி போய்விடும். "ஒங்களுக்கென்ன தாயி, மாசம் பொறந்தா சம்பளம்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அவர் கோபப்படவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் கவிழ்ந்த ஒரு ஜீப்பைப் பற்றிச் சொன்னார். அதில் புஷ்பமேரி என்ற பெண்ணுக்கு இரண்டு காலும் போனது. ஜீப்புக்கு இன்சூரன்ஸ் இல்லை. அறிக்கை எழுதப்போன அவரிடம் புஷ்பமேரியின் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாங்க யாருகிட்டப் போயிக் கேக்கணும்?" இன்னொருவருக்கு அந்தக் கேள்வி வரக்கூடாது என்பதுதான் அன்றிலிருந்து அவர் வேலை.

சொல்லிவிட்டுப் பங்குச்சாமியைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸைக் கேட்டார். பஸ் வந்ததும் முதலில் அதன் பேப்பரைப் பார்த்தார். கூடவே மோட்டார் சைக்கிளில் வந்த சாமி, அடுத்து தன் வண்டியா என்று கேட்டார். அதற்கும் பேப்பர் கேட்கப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

அன்று அந்த வழியாக வந்த ஐந்து ஜீப்புகள் பிடிபட்டன. பஸ் இரண்டு நடை போனது. இரண்டாம் நடையில் போன எட்டுப் பேருக்கு நேரமாகி அரைநாள் கூலி போனது. அதை அவர் மறந்ததில்லை. நாங்கள் பெருமையாகப் பேசும்போதெல்லாம் அந்த எட்டுப் பேரை அவர்தான் நினைவுபடுத்துவார்.

அண்ணனின் ஜீப் நான்கு நாள் ஸ்டேஷன் முற்றத்தில் மழையில் நின்றது. இரண்டாம் நாள் அவர் தார்ப்பாய்கள் கொண்டுவந்து போர்த்தினார். மற்ற நான்கு ஜீப்புகளையும் போர்த்திவிட்டு, கடைசியாக அதை. மூன்று நாளும் அண்ணனிடமிருந்து பேச்சு வரவில்லையாம். ஆனால் மூன்று நாளும் மதியம் தூக்குச்சட்டி வந்தது. திறக்கும்போது மீன் வாசம் எங்கள் எல்லாரையும் எட்டியது. நான்காம் நாள் அண்ணனே புதுப் பேப்பரோடு வந்தார். தன் வீட்டு வண்டியைத் தான் விடுவிக்கக்கூடாது என்று சொல்லி, அவர் அறையை விட்டு எழுந்து போய்விட்டார். கையெழுத்துப் போட்டது ஜோபி சார். அண்ணன் கிளம்பாமல் வாசலிலேயே நின்றார், மனைவியின் ஷிப்ட் முடியும்வரை.

அடுத்த வருடத் திருவிழாவிலிருந்து, இன்சூரன்ஸ் பேப்பரைப் பானட்டின் மேல் வைக்காத ஜீப்புக்குப் பங்குச்சாமி தீர்த்தம் தெளிப்பதில்லை. திருவிழாவுக்கு முன்பே தேதி முடிகிறவர்கள் முன்கூட்டியே போய்ப் புதுப்பித்துவிடுகிறார்கள். இன்று மாரீஸ்வரி அக்கா ஜீப்பில் ஏறுவதற்கு முன் தானே பேப்பர் கேட்கிறார்.

அன்பிற்கினிய கத்தரீனாள் மேடம் அவர்களே! நாளை முதல் அந்த வளைவில் நாங்கள் நிற்போம். தெரிந்த முகம் வந்தாலும் கையை இறக்க மாட்டோம் என்று உங்கள் முன்னால் உறுதி சொல்கிறோம். மூட்டு வலி விலகி, முழு உறக்கம் வாய்த்து, முகம் பார்த்துப் பேச நேரம் நிறைந்து, நீங்களும் அண்ணனும் நெடுங்காலம் நலமோடு வாழ்க!

இன்னாசிராஜ் அண்ணன் வெளியே ஜீப்போடு காத்திருக்கிறார். முன்கண்ணாடியில் பேப்பரை வெளிப்பக்கம் பார்த்து ஒட்டியிருக்கிறார். பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இங்ஙனம்,
உங்களோடு மழையில் நின்ற
காவல் நிலையப் பணியாளர்கள்