குல்யாஷ் அக்காவுக்கு வந்த கடிதங்கள்

கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று சொன்னால் போதும், எங்கள் மாவு ஆலையில் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். ஒருவர் தேநீருக்கு எழுந்து போவார். இன்னொருவர் கண்ணாடியைத் தேடுவார். கொஸ்தனாய் நகரில் பதினொரு வருடமாக அந்த ஆலையின் கணினிகளைக் காப்பது என் வேலை. பெயர் ஓரல்பெக். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து மாவட்ட ஆலை ஒன்றின் கணினிகளை யாரோ பூட்டிவிட்டார்கள். சரக்கு வண்டிகள் ஒன்பது நாள் தண்டவாளத்திலேயே நின்றன. ஒரு பெண் ஊழியர் திறந்த ஒரே ஒரு மின்னஞ்சல்தான் காரணம். நம் ஆலைக்கும் இது வரும், புதிய பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்று முதலாளி ஜுமபெக்கிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"நம்ம குல்யாஷ் இருக்கிற வரைக்கும் எவன்டா உள்ள வருவான்? நானே போய்க் கதவைத் தட்டினாலும் அடையாள அட்டை கேட்கிறவ. அவளை ஏமாத்திக் காட்டு, நீ கேட்டதெல்லாம் வாங்கித் தர்றேன்."

குல்யாஷ் அக்கா சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தார். ஐம்பத்தாறு வயது, கணவர் இல்லை. ஊழியர்களைச் சோதிக்க நான் அனுப்பும் போலிக் கடிதங்களில் மற்றவர்கள் விழுவார்கள். அவர் மட்டும் என் மேசைக்கு வந்து, "தம்பி, இதுல எழுத்துப் பிழை இருக்கு, அடுத்த தடவை ஒழுங்கா எழுது" என்பார். பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஒரே ஆளும் அவர்தான்.

அவருடைய ஒரே மகன் அல்தியார் கட்டட வேலைக்கு எல்லை தாண்டிப் போனவன். எட்டு மாதமாக எந்தத் தகவலும் இல்லை. அவனுடைய பழைய மின்னஞ்சல் முகவரிக்கு அவர் அலுவலகக் கணினியிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். ஊழியர்களின் அஞ்சல்களைப் பார்க்கும் அதிகாரம் எனக்கு உண்டு. பார்த்தேன். நாற்பது கடிதங்களையும் படித்தேன். சிறுவயதில் குதிரையிலிருந்து விழுந்தது, மோவாயில் தழும்பு, அம்மாவைக் கேலியாக "கர்னல்" என்று கூப்பிடுவது, எல்லாம் அதில் இருந்தன.

ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து எழுதினேன். "கர்னல், நான்தான். போன் தொலஞ்சுபோச்சு. மூர்மான்ஸ்க் துறைமுகத்துல, மீன் கப்பல்ல வேலை. படம் அனுப்பிருக்கேன், பாரு."

நான்கு நிமிடத்தில் திறந்தார்.

முதலாளி வாக்கைக் காப்பாற்றினார். ஏற்பாடு முழுவதும் வந்தது. கடிதத்தைத் திறந்த அன்று மாலையே குல்யாஷ் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அவர் கடைக்கு ஓடிப்போய் ஒரு பை நிறைய இனிப்பு வாங்கி வந்து, வாயிற்காவலர் வரைக்கும் எல்லோருக்கும் கொடுத்தார். என் கையில் இரண்டு வைத்தார். "என் பையன் எழுதிட்டான் தம்பி" என்றார். நான் இனிப்பைத் தின்றேன்.

மறுநாள் அவர் எழுதிய பதில் என் பெட்டிக்கு வந்தது. பதில் இல்லாமல் விட்டால் சந்தேகப்படுவார் என்று ஒன்று எழுதினேன். பிறகு இன்னொன்று. பதினான்கு மாதத்தில் முப்பத்தொரு கடிதங்கள். அவருடைய இரத்த அழுத்தம் குறைந்தது. முடிக்குச் சாயம் பூசிக்கொள்ள ஆரம்பித்தார். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும்: அந்தக் கடிதங்களை நான் கவனமாக எழுதினேன்.

மார்ச்சில், பனி உருகும்போது, அலுவலகத்தில் அவருக்குத் தொலைபேசி வந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லைக்கு அப்பால் ஒரு காவல் நிலையம். கட்டடம் கட்டும் இடத்தில் பனிக்கு அடியில் ஓர் உடல் கிடைத்திருக்கிறது, சட்டைப்பையில் அல்தியாரின் அடையாள அட்டை, மோவாயில் தழும்பு, தாயின் இரத்த மாதிரி வேண்டும் என்றார்கள்.

குல்யாஷ் அக்கா அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஏம்ப்பா, பெத்தவகிட்ட இப்படியா பேசிப் பிழைக்கிறீங்க? என் பையன் போன வாரம்தான் எழுதினான். உங்களை மாதிரி ஆளுங்களப் பத்தி எங்க ஆபீஸ்ல பாடமே நடத்திருக்காங்க. வை போனை."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் பெருமை.

"நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே பேசினேனா?"

"சரியாப் பேசினீங்க அக்கா."

அந்த எண்ணை நான் சரிபார்த்தேன். உண்மையான காவல் நிலையம். அவர்கள் இன்னும் இரண்டு முறை அழைத்தார்கள். எண்ணைத் தடுக்கச் சொன்னார் அக்கா, தடுத்தேன். அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலை அவர் கண்ணில் படும் முன் அழித்தேன். அந்த மாத அறிக்கையில், ஒரு மோசடி முயற்சி முறியடிக்கப்பட்டது என்று எழுதினேன். உரிமை கோர யாரும் வராததால் மே மாதம் அவனை ஒரு எண்ணின் கீழ் புதைத்துவிட்டார்கள். அழிக்கும் முன் படித்த கடைசி மின்னஞ்சலில் அது இருந்தது. எண் எனக்கு மனப்பாடம்: 217.

வெட்கம் என்றால் என்னவென்று அன்று தெரிந்தது. அதற்கு அடுத்த கடிதத்தை இரண்டு பக்கம் எழுதினேன்.

இப்போது அவர் மகனைப் பார்க்க மூர்மான்ஸ்க் போகிறார். வேண்டாம், கப்பலில் நெடுநாள் போகிறேன் என்று மகன் பெயரில் எழுதிப் பார்த்தேன். "பரவால்லடா, நீ திரும்புற வரைக்கும் துறைமுகத்துலயே உட்கார்ந்திருக்கேன்" என்று பதில் வந்தது. குதிரை இறைச்சித் தொத்திறைச்சியும் கம்பளிக் காலுறைகளும் கட்டி வைத்திருக்கிறார். நாளை காலை ரயில். அதனால்தான் நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மகன் இறந்துவிட்டான் என்று சொல்லுங்கள், கல்லறை எண்ணையும் சொல்லுங்கள். கடிதங்களைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். அவ்வளவு அன்பாக அவருக்கு அந்தப் பையன் எழுதியிருக்கவே மாட்டான்.